மெடிக்கல் ரெப் வேலை பார்த்துக்கொண்டே தெருவில் புகைப்படம் எடுக்கிறேன்: நீங்களெல்லாம் எந்த வேலையிலிருந்து இந்தப் பக்கம் வந்தீர்கள்?

பாளை ரெப்:
வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். ஆலங்குளம், முக்கூடல், அம்பை என்று பைக்கிலேயே சுற்றும் லைன். டாக்டர் கூப்பிடும்வரை வெளியே நிற்கிற நேரத்தில் போனில் படம் எடுக்க ஆரம்பித்தேன், இப்போது அதற்காகவே அரை மணி நேரம் முன்னால் போய் இறங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. வாழைத்தார் ஏற்றுகிறவர்கள், மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுகிறவர்கள், மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவர்கள், இப்படி.

இந்தத் துறையில் பேர் எடுத்தவர்கள் எல்லாம் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்தவர்கள், இல்லையென்றால் பத்திரிகையில் இருந்தவர்கள் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மாத்திரை விற்கிறவனுக்கு இதில் இடம் உண்டா? நீங்கள் முன்பு பார்த்த வேலை உங்கள் படங்களுக்கு உதவியதா, இடைஞ்சலாக இருந்ததா? இதைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். எந்த கேமரா வாங்கலாம் என்பதெல்லாம் அப்புறம்.

கல்லிடை ஸ்டுடியோ:
தம்பி, உங்கள் நண்பர் சொல்வது சரியில்லை. கார்டன் பார்க்ஸ் அமெரிக்காவில் ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் பரிமாறிக்கொண்டிருந்தவர். பயணி ஒருவர் விட்டுப்போன பத்திரிகையில், பிழைப்புத் தேடி ஊர் ஊராகப் போன விவசாயக் கூலிகளின் படங்களைப் பார்த்துவிட்டு, அடகுக்கடையில் ஒரு கேமரா வாங்கினார். அவர்தான் 1948-ல் லைஃப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்த முதல் கறுப்பினப் புகைப்படக்காரர். செபாஸ்தியோ சல்காடோ பொருளாதாரம் படித்து, சர்வதேச காபி அமைப்பில் வேலை பார்த்து, அந்த வேலையாக ஆப்பிரிக்காவுக்குப் போய்வந்தவர். 1973-ல்தான் அதை விட்டுவிட்டு முழுநேரமாகப் படத்துக்கு வந்தார். பிற்பாடு அவர் எடுத்த உழைப்பாளிகளின் படங்களைப் பாருங்கள், ஒரு பொருளுக்குப் பின்னால் எத்தனை முதுகு வளைகிறது என்பது தெரிந்த ஆள் எடுத்தது என்று புரியும். நம்ம நாட்டுப் புகைப்படக்காரர் ரகு ராய் படித்தது சிவில் இன்ஜினியரிங்.

நான் கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று பிலிம் காலத்திலிருந்து எடுக்கிறேன். தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபமே மாப்பிள்ளை கையைப் பார்க்கும், ஆனால் பெண்ணின் அப்பா எந்தத் தூண் பக்கம் நிற்கிறார் என்று நாம் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். ஆனித் தேரோட்டத்தில் ரத வீதியில் நிற்கும்போது அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கிறது. எல்லோரும் தேரைப் பார்ப்பார்கள், நான் வடம் இழுக்கிறவர்களின் பின்வரிசையைப் பார்ப்பேன். இடைஞ்சலும் உண்டு. "சட்டையைச் சரி பண்ணுங்க, இங்க பாருங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தெருவில் அதை அடக்குவது பெரிய பாடு.

முக்கூடல் டீச்சர்:
ஸ்டுடியோ அண்ணாச்சி சொன்ன பெயர்களோடு லூயிஸ் ஹைனையும் சேர்க்கிறேன், அவர் என்னைப் போல வாத்தியார் வேலை பார்த்தவர் என்பதால். 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் படம் எடுத்தார். படத்தோடு நிற்காமல் பிள்ளையின் வயது, உயரம், என்ன வேலை, எவ்வளவு நேரம் என்று எழுதியும் வைத்தார். உள்ளே விடாத ஆலைகளில் வேறு ஏதோ காரணம் சொல்லி நுழைந்திருக்கிறார். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கவனிக்கிற பழக்கம்தான் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் மதுரை பழனி குமாரைப் பாருங்கள். அம்மா மீன் விற்பவர். மலக்குழியில் இறக்கிவிடப்படும் தொழிலாளர்கள், அவர்கள் செத்தபின் நிற்கிற குடும்பங்கள் என்று வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படங்களில் யாரும் பரிதாபத்துக்காகக் காட்டப்படவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஏன் சொல்கிறேன் என்றால், என் அம்மா பீடி சுற்றியவர். எங்கள் தெருவுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் எடுப்பார்கள்: மடியில் சொளகு, வேகமாக ஓடும் விரல், ஜன்னல் வெளிச்சம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டின் கவலை அங்கே இல்லை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, சுற்று சரியில்லை, இலை சரியில்லை என்று எத்தனை கட்டைக் கழித்துத் தள்ளுவார்களோ என்பதுதான் கவலை. அந்த வரிசையில் நிற்கிற பெண்களின் முகத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் சின்ன வயதில் அம்மா பக்கத்தில் நின்றவள் நான். எந்த வேலையிலிருந்து வந்தோம் என்பதைவிட, எந்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறோம் என்பதுதான் படத்தில் தெரியும். தம்பி, உங்களுக்கு அந்த இடம் எது?

ஈ.பி.காரன்:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இந்தப் பெயர்களை வாசித்துவிட்டு யாரும் வேலையை விட்டுவிடாதீர்கள். விவியன் மேயர் சிகாகோவில் பிள்ளை வளர்க்கும் ஆயாவாக இருந்துகொண்டு ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தார். பொருள் போட்டு வைத்திருந்த கிடங்குக்கு வாடகை கட்டாமல் விட்டதால் அவருடைய பெட்டிகள் 2007-ல் ஏலத்தில் போனபிறகுதான் அவை வெளியே வந்தன. 2009-ல் அவர் இறந்துவிட்டார், பேரும் புகழும் எல்லாம் அதற்கப்புறம். அவரைக் கொண்டாடுகிறோம், சரி, ஆனால் வாடகைக்கே கஷ்டப்பட்ட வாழ்க்கை அது. மாதச் சம்பளம் இருந்தால்தான் யாருக்கும் பிடித்த மாதிரி எடுக்க வேண்டியதில்லாமல் நமக்குத் தோன்றியதை எடுக்க முடியும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஏறிவந்தபோது எல்லா கேமராவும் தண்ணீரைத்தான் எடுத்தது. தண்ணீர் வடிந்ததும் போய்விட்டார்கள். கம்பம் சாய்ந்த ஊர்களில் லைன் இழுக்க நாங்கள் பல நாள் சுற்றினோம். பத்திரத்தையும் ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டையும் கட்டிலில் விரித்துக் காயப்போட்டிருந்த வீடுகளைப் பார்த்தேன். கரண்ட் கொடுக்க வந்த ஆள் என்பதால் உள்ளே வரச்சொன்னார்கள். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன், வேண்டாம் என்ற வீடுகளில் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

ரெப் தம்பிக்கு ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிளினிக்குக்குள் எடுக்காதீர்கள். மாத்திரைச் சீட்டோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் உங்களைக் கேமராக்காரராக நினைத்து அங்கே வரவில்லை. அதே மாதிரி அணை, அணுமின் நிலையம் பக்கம் கேமராவைத் தூக்கவே வேண்டாம்.

பாளை ரெப்:
கிளினிக்குக்குள் எடுத்ததில்லை அண்ணாச்சி, எடுக்கவும் மாட்டேன். டீச்சர் கேட்டதை நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். என் இடம் காத்திருப்பதுதான் என்று நினைக்கிறேன். நாள் பூராவும் காத்திருக்கிறவன் நான். கிளினிக்கை விட்டுவிட்டு, மினிபஸ்ஸுக்கு, ரேஷன் கடைக்கு, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் காத்திருக்கிறவர்களை ஒரு தொடராக எடுத்துப் பார்க்கலாமா? இதற்குப் போன் போதுமா?

கல்லிடை ஸ்டுடியோ:
தாராளமாகப் போதும். போனின் முக்கிய லென்ஸ் கொஞ்சம் அகலமானது, அதனால் நீங்கள் கிட்டப் போயே ஆக வேண்டும், கிட்டப் போனால் பேசியே ஆக வேண்டும். ஜூமைத் தொடாதீர்கள். நம்ம ஊர் உச்சி வெயிலில் முகமெல்லாம் கறுத்துவிடும், அதனால் தகரக் கூரை, வேப்பமரம் என்று நிழலுக்குள் நிற்கிறவர்களைப் பாருங்கள், வெளிச்ச அளவை முகத்துக்குப் பூட்டிக்கொள்ளுங்கள். டீச்சர் சொன்ன மாதிரி குறிப்பும் எழுதுங்கள்: எந்த ஊர், எத்தனை மணிக்கு வந்தார், எதற்கு நிற்கிறார். படத்தில் இருக்கிறவருக்கு அடுத்த முறை லைனில் போகும்போது ஒரு பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். நீங்கள் திரும்பத் திரும்ப அதே ஊருக்குப் போகிறவர், பத்திரிகைக்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது. பிரிண்டை என் கடைக்கு அனுப்புங்கள், பேப்பர் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.