வைட்டமின் ஏ க்ரீம் போட்டு முகம் உரிகிறது, அவசரம்

மீனாள்_காரைக்குடி: மூக்கோரமும் வாயோரமும் செதில் செதிலாக உரிகிறது. தண்ணீர் பட்டாலே மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது. வைட்டமின் ஏ க்ரீம்தான் போடுகிறேன். முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்க இன்னும் பத்து நாள்தான். சீக்கிரம் சொல்லுங்கள்.

பள்ளத்தூரான்: என்ன க்ரீம்? எத்தனை சதவீதம்? எத்தனை நாளாக?

கோட்டையூர் ஆச்சி: போர் தண்ணீர்தான் காரணம் தாயி. எங்கள் வீட்டிலும் உப்புத்தான். வளவில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் கழுவிப் பார்.

மருந்தாளுநர்: மாதம் மூன்று பேர் இதையே கேட்கிறீர்கள். பட்டாணி அளவு, ராத்திரி மட்டும், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முதலில் வாரம் இரண்டு நாள். இதுகூடத் தெரியாமல் ஏன் பூச வேண்டும்? ட்ரெட்டினாயின், அதாவது தோலுக்குப் பூசும் வைட்டமின் ஏ வகை மருந்து, போட்டால் முதல் சில வாரம் உரியத்தான் செய்யும்.

தேவகோட்டை: கேரட், பப்பாளி சாப்பிட்டால் போதாதா? அதுவும் வைட்டமின் ஏ தானே?

மருந்தாளுநர்: கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின். அதை உடம்புதான் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. தோலுக்குப் பூசும் மருந்து வேறு.

தேவகோட்டை: எங்கள் அப்பத்தா பயத்தமாவும் மஞ்சளும் தவிர எதையும் தொட்டதில்லை. எண்பது வயதிலும் முகத்தில் ஒரு புள்ளி கிடையாது.

மருந்தாளுநர்: மஞ்சளும் சிலருக்கு ஒவ்வாது.

பள்ளத்தூரான்: அதை அப்புறம் பேசலாம். மீனாள், டியூபில் என்ன எழுதியிருக்கிறது?

மீனாள்_காரைக்குடி: ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மோமெட்டசோன் 0.1%. மங்கு போகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள். நாலு மாதமாகத் தினம் இரண்டு வேளை. டியூப் தீர்ந்து நாலு நாள் ஆகிறது.

பள்ளத்தூரான்: தீர்ந்த பிறகுதான் எரிகிறதா? அப்படியென்றால் கதையே வேறு. மோமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. அதற்குப் பழகிய தோல், நிறுத்தியதும் சிவந்து எரியும். என் தங்கைக்குக் கன்னத்தில் சிவப்பு நூல் ஓடியது போல ரத்தக்குழாய் தெரிய ஆரம்பித்துவிட்டது. நீங்களாக அடுத்த டியூப் வாங்காதீர்கள். தோல் டாக்டரிடம் காலி டியூபைக் காட்டுங்கள். அதுவரை வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், ஈரத்துணி ஒத்தடம் போதும். மஞ்சள், எலுமிச்சை, த்ரெட்டிங் வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

மருந்தாளுநர்: சரிதான், டியூபைக் கேட்காமல் பேசிவிட்டேன். டாக்டரே எழுதினாலும் அது சில வாரத்துக்குத்தான், ராத்திரி ஒரு வேளை. சீட்டு இல்லாமல் கடையில் கொடுத்திருக்கவே கூடாது. பங்குனி வெயிலில் முகத்தை மூடிக்கொண்டு போங்கள்.

மீனாள்_காரைக்குடி: புதன்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன், அவர்களும் அதையேதான் போடுகிறார்கள். இந்த வருடம் பால்குடம் அம்மா எடுக்கிறார்கள்.