‘தோல்வியைச் சந்தித்தது’ என்று எழுதலாமா?

ஏட்டுப்பிள்ளை:
நாளிதழைப் பிரித்தால் அணி தோல்வியைச் சந்திக்கிறது, ஆலை நஷ்டத்தைச் சந்திக்கிறது, லாரி விபத்தைச் சந்திக்கிறது. தோற்றது, நஷ்டப்பட்டது, விபத்துக்குள்ளானது என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? சந்திப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆங்கில வினையை அப்படியே இறக்கிவைக்கும் பழக்கம் இது. படிக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

முத்துநகர்:
இரண்டு பேர் வேண்டும் என்று யார் விதித்தது? விழுப்புரம் சந்திப்பில் கூடுபவை தண்டவாளங்கள். முச்சந்தியில் கூடுபவை தெருக்கள். பகலும் இரவும் கூடும் வேளை சந்தியாகாலம். நன்னூல் சொல்லும் ஆறு பகுபத உறுப்புகளில் சந்தியும் ஒன்று. ‘சந்தித்தான்’ என்பதையே பிரித்துப் பாருங்கள்: சந்தி+த்+த்+ஆன். இரண்டாவது ‘த்’ இடைநிலை. முதல் ‘த்’துக்குப் பெயரே சந்தி! மனிதர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த சொல் இல்லை ஐயா.

ஏட்டுப்பிள்ளை:
நீங்கள் அடுக்கிய எல்லாமே என் பக்கம்தான் பேசுகின்றன. தண்டவாளம், தெரு, பொழுது, எழுத்து எல்லாவற்றிலும் இரண்டு வந்து கூடுகின்றன. தோல்வி எங்கிருந்து வந்து கூடுகிறது? ஆட்டம் முடிந்த பிறகுதானே அது உண்டாகிறது?

முத்துநகர்:
அப்படியானால் அதே நாளிதழ் ‘தோல்வியைத் தழுவியது’ என்று எழுதும்போது ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? தழுவவும் ஓர் ஆள் வேண்டுமே. எதிர்கொள்ளுதல் என்பது விருந்தினரை எதிரே சென்று வரவேற்பது. இன்று வறட்சியையும் எதிர்கொள்கிறோம். அதை யாரும் தடுக்கவில்லை.

பரந்தன் சந்தி:
இருவருக்கும் வணக்கம். ‘தேர்தலைச் சந்திக்கத் தயார்’ என்பதில் ஒரு துணிவு கேட்கிறது. ‘போட்டியிடத் தயார்’ என்றால் அது வராது. ஆனால் விபத்து விஷயத்தில் ஏட்டுப்பிள்ளை ஐயா சொல்வதே சரி. லாரி விபத்தில் சிக்குகிறது, அவ்வளவுதான்.

ஏட்டுப்பிள்ளை:
தேர்தலை விட்டுத்தருகிறேன் அம்மா. நாள் குறித்துக்கொண்டு எதிரே வருவது அது. சவாலும் அப்படியே. ‘தழுவியது’ எனக்கும் உவப்பில்லை. ‘தோற்றது’ இருக்கும்போது இரண்டும் எதற்கு?

முத்துநகர்:
எவ்வளவு மோசமாகத் தோற்றது என்று சொல்ல வேண்டாமா? அப்போது ‘தோல்வி’ என்ற பெயர்ச்சொல் வேண்டும். அதற்குத் துணையாக ஒரு வினையும் வேண்டும்.

ஏட்டுப்பிள்ளை:
‘படுதோல்வி அடைந்தது.’ அந்த வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.