முத்திரையா, ஒற்றா? நக ஸ்டாம்பிங் கருவிகளுக்குச் சொல் தேடி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

செதுக்கிய தகட்டில் உள்ள வடிவத்தை மென்மையான தலை கொண்ட கருவியால் எடுத்து நகத்தில் பதிக்கும் ஸ்டாம்பிங் முறைக்கு ‘நக முத்திரைக் கலை’ என்ற சொல்லைப் பலரும் வழிமொழிந்திருக்கிறீர்கள். நானும் ஓராண்டுக்கு மேல் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினேன். என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்குத் தரும் கையேட்டிலும் அதையே அச்சிட்டுக் கொடுத்தேன். இப்போது அதைக் கைவிடலாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். இலக்கணப்படி அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சொல் கையைத் தவறாகப் பழக்குகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். புதிதாக வந்த ஒரு பெண், கையேட்டை வீட்டிலேயே படித்து முடித்துவிட்டு முதல் வகுப்புக்கு வந்தார். தகட்டில் பூச்சு தடவினார், மிகுதியை வழித்தார், வடிவத்தைச் சிலிக்கான் தலையில் எடுத்தார். அதுவரை ஒரு குறையும் இல்லை. பிறகு கருவியை உயர்த்தி, அலுவலகத்தில் தாளில் முத்திரை குத்துவதுபோல நகத்தின் மீது ஓங்கி ஒரு குத்து. மென்மையான தலை நசுங்கிப் பரந்தது. மெல்லிய கோடுகளாக இருந்த பூவிதழ்கள் ஒன்றோடொன்று கலந்து, கரிய திட்டாக நகத்தில் ஒட்டின. பாதி வடிவம் பக்கத்துத் தோலுக்குப் போய்விட்டது. மெதுவாக அழுத்தியிருக்கலாமே என்றேன். “முத்திரை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், குத்த வேண்டும் என்று நினைத்தேன்” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். தமிழில் முத்திரையோடு இயல்பாகச் சேரும் வினை ‘குத்து’தான். பெயரை நான் கொடுத்தேன், வினையை மொழி கொடுத்துவிட்டது.

இந்த வேலையைப் பார்த்திராதவர்களுக்காக அதன் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃகுத் தகடு ஒன்றில் பூ, கொடி, கட்டம் என்று வடிவங்கள் பள்ளமாகச் செதுக்கப்பட்டிருக்கும். அதன்மேல் பூச்சைத் தடவி, ஒரு அட்டையால் வழித்துவிட்டால் மேற்பரப்பு துடைத்தாற்போல் ஆகிவிடும். பள்ளங்களில் மட்டும் பூச்சு தங்கும். சிலிக்கானால் ஆன மென்மையான தலையைக் கொண்ட கருவியை அதன்மேல் வைத்து எடுத்தால் வடிவம் தலையில் ஏறிக்கொள்ளும். அதை நகத்தில் வைத்து எடுத்தால் வடிவம் நகத்துக்கு இறங்கிவிடும். எல்லாம் சில நொடிகளில் முடிய வேண்டும். பூச்சு உலர்ந்துவிட்டால் பள்ளத்தை விட்டு எழாது.

முத்திரை என்ற சொல்லுக்கு எதிரான என் முக்கிய வாதம் இங்கேதான் இருக்கிறது. முத்திரையில் வடிவம் முத்திரையிலேயே இருக்கும். முத்திரை மோதிரம், ரப்பர் முத்திரை எதை எடுத்துக்கொண்டாலும் அதைத் திருப்பிப் பார்த்தால் எழுத்தோ சின்னமோ தெரியும். நாம் பேசும் கருவியைத் திருப்பிப் பாருங்கள். கூழாங்கல்போல வழுவழுப்பான வெற்றுப் பரப்புதான் இருக்கும். அதற்கென்று சொந்தமாக ஒரு கோடுகூடக் கிடையாது. தகட்டில் இருப்பதை எடுத்து நகத்தில் சேர்ப்பதோடு அதன் வேலை முடிகிறது.

எடுத்துக் கொடுக்கும் இந்த மென்மையான செயலுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது: ஒற்றுதல். கண்ணீரைத் துணியால் ஒற்றுகிறோம். மதிப்புக்குரிய ஒன்றைக் கண்களில் ஒற்றிக்கொள்கிறோம். எழுதிய மை கலையாமல் இருக்கத் தாளால் ஒற்றியெடுக்கிறோம். வீக்கத்துக்குக் கொடுக்கும் ஒத்தடமும் ஒற்றடம்தான். இவை எல்லாவற்றிலும் இரண்டு பண்புகள் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். அழுத்தம் குறைவு, தேய்ப்பு அறவே இல்லை. வைத்து எடுப்பது மட்டுமே. கண்ணீரைத் துடைத்தால் மை கலையும், ஒற்றினால் கலையாது என்பது மை தீட்டும் எல்லோருக்கும் தெரியும். ஸ்டாம்பிங்கில் நான் கற்றுத்தர விரும்புவது அந்த வேறுபாட்டைத்தான். கையேட்டில் ‘முத்திரையிடவும்’ என்பதை ‘ஒற்றவும்’ என்று மாற்றிய பிறகு ஓங்கிக் குத்துபவர்களை நான் பார்க்கவில்லை.

அச்சுத் துறையில் இருக்கும் நண்பர் ‘அச்சு’ என்ற சொல்லை விடக் கூடாது என்று எழுதியிருந்தார். அவர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். தொழிற்சாலைகளில் கடிகார முகப்பு, பேனா, விளையாட்டுப் பொம்மை போன்ற வளைந்த பொருள்களில் எழுத்துப் பதிக்கும் பேட் பிரிண்டிங் முறையும் நம் நக வேலையும் அடிப்படையில் ஒன்றுதான். அங்கும் செதுக்கிய தகடு, மையை வழிக்கும் அலகு, சிலிக்கான் திண்டு என்ற அதே மூன்றும் உண்டு. வடிவம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் காரணமும் அதேதான். பள்ளத்தில் இருக்கும் மையின் மேற்பரப்பிலிருந்து கரைப்பான் ஆவியாகும்போது அந்த முகம் பிசுபிசுப்பாகி, சிலிக்கானில் ஒட்டிக்கொண்டு வெளியே வருகிறது. இப்போது மறுமுகம் காற்றுபட்டுப் பிசுபிசுப்பாகிறது. சிலிக்கான் எதையும் இறுகப் பற்றிக்கொள்ளாத பொருள். ஆகவே நகத்தையோ கடிகார முகப்பையோ தொட்டவுடன் மை அந்தப் பக்கம் போய்விடுகிறது. எனவே பேட் பிரிண்டிங்குக்கு ‘ஒற்றச்சு’ என்றும், நம் முறைக்கு ‘நக ஒற்றச்சு’ என்றும் வைக்கலாம். ஒரே வேரிலிருந்து இரு துறைக்கும் சொல் கிடைக்கிறது. செய்து முடித்த அலங்காரத்தைச் சொல்ல ‘ஒற்றோவியம்’ இருக்கட்டும்; அது காதுக்கும் இனிமையாக இருக்கிறது.

கருவியின் பெயருக்கு வருகிறேன். ‘ஒற்றி’ என்று நான் முன்மொழிந்ததும், நிலத்தை அனுபவ உரிமையோடு அடகு வைப்பதற்கு ஒற்றி என்று பெயர் உண்டே என்று சட்டச் சொற்கள் தொகுக்கும் அம்மையார் நினைவூட்டினார். இலக்கணத்தில் ஒற்று மெய்யெழுத்து, அரசியலில் ஒற்றர் உளவாளி என்று மற்றவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். மெய்யெழுத்தையும் உளவாளியையும் பற்றி எனக்குக் கவலை இல்லை. நகப்பூச்சுப் புட்டிக்குப் பக்கத்தில் யாரும் அவற்றை நினைக்கப்போவதில்லை. அடமானப் பொருள் மட்டும் உறுத்துகிறது, ஏனென்றால் அதுவும் இதே வடிவில் நிற்கும் பெயர்ச்சொல். அதனால் ‘ஒற்றுக்குமிழ்’ என்று சற்று நீட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். கருவியின் தலை குமிழ்போலத்தான் இருக்கிறது. ‘பெரிய குமிழ்’, ‘ஒளி ஊடுருவும் குமிழ்’, ‘குமிழ் கெட்டுவிட்டது’ என்று பேச்சில் குறுக்கிக்கொள்ளவும் வசதி. இதற்கு ‘ஒற்றுக்கட்டை’ என்றும் ஒரு யோசனை வந்தது. கட்டை என்றவுடன் கடினமான பொருள் மனத்தில் வருகிறது, அதனால் வேண்டாம்.

குமிழைத் தேர்ந்தெடுப்பதில் புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பது. நகம் நன்றாக வளைந்திருந்தால் மென்மையான குமிழே ஏற்றது. அது நகத்தின் இரு ஓரங்களையும் அணைத்துக்கொள்ளும். தட்டையான நகத்துக்குச் சற்று இறுக்கமானது கோடுகளைச் சிதைக்காமல் இறக்கும். குமிழின் முகம் நகத்தைவிட அகலமாக இருந்தால் ஒரே தடவையில் முழு வடிவமும் விழும். ஒளி ஊடுருவும் குமிழில் நகம் தெரிவதால் வடிவம் எங்கே விழும் என்று பார்த்து வைக்க முடியும். ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு நான் இதையே சொல்வேன்.

ஆனால் அதற்கு ஒரு பராமரிப்பு ஒழுங்கு உண்டு. பழைய ரப்பர் வகைத் தலை பூச்சை எடுக்காவிட்டால் அரத்தால் மெல்லத் தேய்த்துப் பதப்படுத்தும் வழக்கம் இருக்கிறது. அதே பழக்கத்தில் ஒளி ஊடுருவும் குமிழையும் நான் ஒருமுறை தேய்த்துவிட்டேன். கண்ணாடிபோல இருந்தது பனி படர்ந்தாற்போல மங்கிவிட்டது. மறுபக்கம் எதுவும் தெரியவில்லை, வடிவமும் ஒழுங்காக ஏறவில்லை. அசிட்டோனும் அதை மங்கச் செய்யும். ஆடையில் உள்ள தூசியை எடுக்கும் ஒட்டுநாடாவில் மெல்ல உருட்டி எடுத்தாலே குமிழ் சுத்தமாகிவிடும். அசிட்டோன் தகட்டுக்கு மட்டும்.

தகட்டுக்கு ‘குழிவுத் தகடு’ என்ற யோசனை எனக்கு ஏற்புடையதாக இல்லை. குழியாடி, குழிவில்லை என்று படித்து வளர்ந்தவர்கள் தகடே கிண்ணம்போல வளைந்திருக்கும் என்று எண்ணிவிடுவார்கள். ‘செதுக்குத் தகடு’ நேராகப் பொருள் தருகிறது. புதுத் தகட்டின்மேல் பெரும்பாலும் நீல நிறத்தில் ஒரு பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் தகடு வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுக்கப்போனவர்கள் உண்டு. தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் செதுக்கலின் தரம் தெரியும். கோடுகள் நிழல் கட்டிக் கூர்மையாகத் தெரிந்தால் நல்ல தகடு. மேலோட்டமாக மினுங்கினால் பூச்சு தங்காது.

மிகுதியை நீக்கும் அட்டைக்குச் ‘சுரண்டி’ என்று பெயர் வைத்தால் மீண்டும் அதே வம்பு. சுரண்டினால் தகட்டில் கீறல் விழும். அந்தக் கீறலிலும் பூச்சு தங்கி ஒவ்வொரு வடிவத்தோடும் ஒரு மயிர்க்கோடாக வந்து நிற்கும். இங்கே நடப்பது வழித்தல்: மாவுப் பாத்திரத்தை விரலால் வழிப்போமே, அந்தச் செயல். ஆகவே ‘வழிப்பான்’. பழைய பிளாஸ்டிக் அடையாள அட்டையே நல்ல வழிப்பான். ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் பிடித்து ஒரே இழுப்பில் வழித்தால் போதும். அழுத்தி வழித்தால் பள்ளத்தில் இருக்கும் பூச்சும் போய்விடும்.

பூச்சைப் பற்றி ஒரு குறிப்பு. ‘நகச்சாயம்’ என்பதை விட்டுவிட்டு ‘நகப்பூச்சு’ என்பதையே தொடருவோம். சாயம் ஊறிப் பிடிப்பது. பூச்சு மேலே படலமாகப் படிந்து நிற்பது. நகத்தில் இருப்பது படலம்தான். அடிப்பூச்சு, மேற்பூச்சு ஆகியவை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. ஸ்டாம்பிங்குக்கென்று விற்கப்படுவதை ‘ஒற்றுப்பூச்சு’ எனலாம். அதில் நிறமி மிகுதி, பாகுத்தன்மை மிகுதி, உலரும் வேகமும் மிகுதி. சாதாரணப் பூச்சு இரண்டு மூன்று தடவைப் பூச்சில் அடையும் நிறத்தை இது மயிரிழைத் தடிமனிலேயே காட்டியாக வேண்டும். இந்தப் பண்புக்கு அடர்த்தி என்று எழுதுகிறார்கள். அடர்த்தி இயற்பியலில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. அடியில் இருக்கும் நிறத்தை மறைக்கும் ஆற்றல் என்பதால் ‘மறைதிறன்’ என்று பரிந்துரைக்கிறேன்.

மறைதிறனைச் சோதிக்க எளிய வழி, கருப்புப் பூச்சின்மேல் வெள்ளையை ஒற்றிப் பார்ப்பது. வெள்ளை வெள்ளையாகவே நின்றால் அது ஒற்றுப்பூச்சு. சாம்பலாகத் தெரிந்தால் புட்டியில் என்ன எழுதியிருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. இதற்கென விற்கப்படாத பூச்சுகளிலும் உலோக மினுக்கம் கொண்டவை பல நன்றாக ஒற்றும். கையிருப்பில் இருப்பதை முதலில் சோதித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம். கெட்டியாகிவிட்ட புட்டியில் அசிட்டோன் ஊற்றாதீர்கள், பூச்சின் கட்டமைப்பே குலைந்துவிடும். பூச்சை இளக்குவதற்கென்றே விற்கும் திரவத்தைச் சில துளிகள் விட்டால் போதும். வேலை செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பள்ளத்திலேயே பூச்சு காய்ந்துபோவதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.

ஒற்றி முடித்த பின் மேற்பூச்சு போடும்போதும் தேய்ப்பால் சிக்கல் வருகிறது. தூரிகை நகத்தைத் தொட்டு இழுத்தால் வடிவம் கூடவே இழுபடும். பெரிய துளியாக எடுத்து, தூரிகைக்கும் நகத்துக்கும் இடையில் அந்தத் துளி மிதக்கும்படி ஒரே ஓட்டமாகக் கொண்டுபோக வேண்டும். கையேட்டில் இதை ‘மிதவைப் பூச்சு’ என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

இரு ஒற்றுதல்களையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடங்கள் வரும். தகட்டிலிருந்து எடுப்பது ‘ஒற்றியெடுத்தல்’, நகத்தில் சேர்ப்பது ‘ஒற்றியிடுதல்’. முதலில் ‘ஒற்றிவைத்தல்’ என்றுதான் எழுதினேன். படித்தவர்களுக்குக் கூட்டத்தை ஒத்திவைப்பது நினைவுக்கு வந்ததால் மாற்றிவிட்டேன்.

ஒரே ஒரு செயலுக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. வடிவத்தைக் குமிழில் ஒற்றியெடுத்து, நகத்தில் இடாமல் அங்கேயே சிறிது உலரவிட்டு, கோடுகளுக்கு நடுவே புள்ளிக்கோலால் வெவ்வேறு நிறங்களை நிரப்பி, அதன்பின் நகத்தில் இடுவது ஒரு முறை. குமிழில் முதலில் இருந்த கோடு நகத்தில் மேலே வரும், பின்னால் நிரப்பிய நிறம் அடியில் போகும். ஆங்கிலத்தில் இதைத் திருப்பிச் செய்வது என்ற பொருளில் சொல்கிறார்கள். ‘எதிர் ஒற்று’ என்று எழுதிப் பார்த்தேன், நிறம் நிரப்பும் அழகு அதில் இல்லை. ‘நிரப்பொற்று’ என்று ஒரு வடிவம் கைவசம் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லும்போது கொஞ்சம் தடுக்குகிறது. அடுத்த பதிப்புக் கையேட்டை அச்சுக்கு அனுப்ப இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால், அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்.