'தி லாஸ்ட் வேர்ல்டு' (1925): எந்தப் பிரதியைப் பார்ப்பது?

கேள்வி: இந்த டைனோசர் மௌனப்படம் ஒரு இடத்தில் ஒரு மணி நேரம்தான் ஓடுகிறது, இன்னொரு இடத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? எதைப் பார்க்கலாம்?

பதில் 1: நீளமானதையே பாருங்கள். 1929-இல் படத்தைத் திரும்பப் பெற்றுப் பிரதிகளை அழித்துவிட்டார்கள், வீட்டில் ஓட்டுவதற்காக 16 மி.மீ. சுருளில் வெட்டிச் சுருக்கிய வடிவம்தான் பல வருஷம் புழக்கத்தில் இருந்தது. அப்புறம் செக் நாட்டில் கிடைத்த பிரதியோடு மற்ற துண்டுகளையும் சேர்த்துத்தான் மீட்டெடுத்தார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும்!

பதில் 2: டைனோசர்களின் விலாப்பக்கத்தைக் கவனியுங்கள், மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். மார்செல் டெல்காடோ பொம்மைகளுக்குள் காற்றுப்பை வைத்துச் செய்தார், வில்லிஸ் ஓ'பிரையன் பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி ஒவ்வொரு பிரேமாக எடுத்தார். மங்கலான பிரதியில் அந்த மூச்சு தெரியவே தெரியாது.

பதில் 3: ஓடும் வேகமும் முக்கியம். மௌனப்படங்களுக்கு ஒரே நிலையான வேகம் கிடையாது, தவறான வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள், டைனோசரின் கனமும் போய்விடும்.

கேள்வி கேட்டவர்: சரி, இன்றிரவு நீளமானதுதான். விலாவைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.