.458-க்குக் கனமான குண்டு எது? சாஃப்டும் சாலிடும் ஒரே இடத்தில் விழவில்லை, அவசரம்

டொங்காட்காரன்:
வணக்கம். அடுத்த மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவில், லிம்போப்போவில் காட்டெருமை வேட்டை, முன்பணமும் கட்டியாகிவிட்டது. துப்பாக்கி .458, பழைய பிர்னோ 602. சாஃப்ட் (பட்டதும் விரியும் குண்டு) ஒரு கம்பெனி, சாலிட் (விரியாமல் துளைக்கும் குண்டு) இன்னொரு கம்பெனி, இரண்டும் 500 கிரெயின் எடை. 50 மீட்டரில் சாஃப்ட் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிறது, சாலிட் அதற்கும் நாலு விரல் கீழே போய் விழுகிறது. 550 கிரெயின் போட்டால் சரியாகுமா? வெள்ளிக்கிழமை டீலர் ஆர்டர் போடுகிறார், சீக்கிரம் சொல்லுங்கள்.

மெரிபேங்க் அக்கா:
தம்பி, .458 என்றால் எது? வின்செஸ்டர் மேக்னமா, லாட்டா? இரண்டும் வேறு வேறு தோட்டா. கவுன்டரில் நிற்கும் எனக்கு தினமும் இதே பாடுதான், "அக்கா, 458 ஒரு பெட்டி" என்பார்கள், எது என்று கேட்டால் முழிப்பார்கள். அப்புறம், கடைத் தோட்டாவா, கையால் நிரப்பியதா? டெலஸ்கோப் இருக்கிறதா? மேஜையில் தாங்கிச் சுட்டீர்களா, நின்றுகொண்டா? இதெல்லாம் தெரியாமல் குண்டு சொல்ல முடியாது.

பழையகுழல்:
விரலாலும் உள்ளங்கையாலும் அளப்பவர் எருமைக்கு முன்னால் போய் நிற்க அவசரப்பட வேண்டாம். இங்கே பலமுறை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. சிதறுவது குண்டு அல்ல, சுடுகிறவரின் தோள். பெரிய குழலின் அடிக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கிறார்கள். .375 எச் அண்ட் எச் 1912-இல் வந்தது, 300 கிரெயின் குண்டு வினாடிக்குச் சுமார் 2,530 அடி வேகத்தில் போகிறது, ஆப்பிரிக்காவில் அது வீழ்த்தாத மிருகம் இல்லை. முதலில் அதில் பழகுங்கள்.

கரும்புக்காடு:
அண்ணே, அவர் கேட்டது .458 பற்றி. துப்பாக்கியை மாற்றச் சொல்வது பதில் ஆகாது.

டொங்காட்காரரே, உங்கள் சாலிட் முழுப் பித்தளையோ செம்போ என்றால் நாலு விரல் வித்தியாசத்தில் ஆச்சரியமே இல்லை. செம்பு ஈயத்தைவிட இலேசு, அதே 500 கிரெயினுக்கு (32 கிராம் சொச்சம்) குண்டு நீளமாகிவிடும். நீளமான குண்டு தோட்டா ஓட்டுக்குள் அதிகம் இறங்கி வெடிமருந்தின் இடத்தைத் தின்னும், குழலின் புரியிலும் (உள்ளே வெட்டிய சுழல் வரி) வேறு மாதிரி உரசும். செம்பில் 450 கிரெயினே போதும். அகலத்துக்கு எவ்வளவு எடை என்ற கணக்கில் .458-இன் 450 கிரெயின் 0.306, பழையகுழல் அண்ணன் சொல்லும் .375-இன் 300 கிரெயின் 0.305. 550-க்குப் போனால் வேகம் குறையும், தோளில் அடி கூடும், சிதறல் அப்படியே இருக்கும்.

பழையகுழல்:
செம்பு, செம்பு என்று இப்போது எல்லோரும் பாடுகிறார்கள். ஈயத்தை உறையோடு நன்றாக ஒட்டிச் செய்த சாஃப்ட் எலும்பை உடைத்த பிறகும் எடையில் பெரும்பகுதியைத் தக்கவைக்கும். எருமைக்கு அதுதான்.

உம்கோமாஸ் ஆறு:
எருமை விழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். ஈயக் குண்டு உடைந்து சின்னச் சின்னத் துணுக்காக இறைச்சியிலும் குடலிலும் தங்குகிறது. குடலைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம், பிணந்தின்னிக் கழுகு அதைத் தின்கிறது. இந்த நாட்டுக் கழுகுகளின் இரத்தத்தில் ஈயம் இருப்பதைச் சோதித்தே கண்டிருக்கிறார்கள். வெண்முதுகுக் கழுகு ஏற்கெனவே அழிவின் விளிம்பில் நிற்கிறது. வேட்டைக்காரர்கள் நாமே இதைப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

பழையகுழல்:
கழுகைக் கொல்வது விஷம் வைப்பவர்களும் மின்கம்பியும். வேட்டைக்காரன் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள்.

உம்கோமாஸ் ஆறு:
விஷம் வைப்பவனை நான் தடுக்க முடியாது. என் மேகசினில் எதைப் போடுகிறேன் என்பது என் கையில்தானே இருக்கிறது. ஈயம்தான் சுடுவேன் என்றால் குடலையாவது ஆழமாகப் புதைத்துவிட்டு வாருங்கள்.

மாரிட்ஸ்பர்க்வாசி:
கழுகுக்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். இப்போது இவருடைய துப்பாக்கியைப் பார்ப்போம்.

பிர்னோ 602 என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். .458 வின்செஸ்டர் மேக்னம் 1956-இல் வந்தது. ஓடு 63.5 மி.மீ., 500 கிரெயின் குண்டுக்குப் பின்னால் மருந்துக்கு இடம் நெருக்கடி. அழுத்தி நிரப்பிய மருந்து நாளடைவில் கட்டியாகி வேகம் குறைகிறது என்று வேட்டைக்காரர்கள் புலம்பினார்கள். ஜாக் லாட் என்ற அமெரிக்கர் மொசாம்பிக்கில் எருமையிடம் அடிபட்ட பிறகுதான் 71 மி.மீ. ஓட்டில் .458 லாட்டைக் கொண்டுவந்தார். 602-இன் போல்ட்டும் மேகசினும் நீளமானவை, அதனால் நம் ஊரில் பல 602-களின் அறையை, அதாவது தோட்டா உட்காரும் இடத்தை, லாட்டுக்குக் கடைந்து நீட்டியிருக்கிறார்கள். லாட் அறையில் வின்செஸ்டர் தோட்டா வெடிக்கும், ஆனால் ஓடு குட்டையாக இருப்பதால் குண்டு புரியைப் பிடிக்கும் முன் சும்மா ஓடுகிற தூரம் கூடுகிறது. சில துப்பாக்கிகளில் ஒன்றும் தெரியாது, சிலவற்றில் சிதறும்.

பேரலில் என்ன பெயர் வெட்டியிருக்கிறது என்று விளக்கைப் பிடித்துப் பாருங்கள். சுட்ட ஓடு இருந்தால் வாயோரம் வெளிப்பக்கம் கரி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், நீண்ட அறையில் குட்டை ஓட்டைச் சுட்டால் அப்படிப் படியும்.

பழையகுழல்:
அது தெரியாமலா ஒருவர் துப்பாக்கி வைத்திருப்பார்?

மெரிபேங்க் அக்கா:
வைத்திருப்பார்கள் அண்ணே. செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது விற்றவர் "458" என்று மட்டும் சொல்லியிருப்பார். சட்டமும் இதைக் காட்டிக்கொடுக்காது. உரிமம் பெற்ற துப்பாக்கியில் சுடக்கூடிய தோட்டாவை வைத்திருக்கலாம் என்பதுதான் விதி, அதனால் லாட் உரிமத்துக்கு வின்செஸ்டர் பெட்டியை யாரும் தாராளமாக எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் தம்பி, பேரலில் ஒன்று, உரிமத்தில் வேறொன்று என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதோடு காட்டுக்குப் போகாதீர்கள்.

டொங்காட்காரன்:
பேரலில் லாட் என்றுதான் இருக்கிறது, உரிமத்திலும் அதேதான். ஓட்டின் வாயில் கரி இருக்கிறது. சுட்டது கடைத் தோட்டா, வின்செஸ்டர் மேக்னம். டெலஸ்கோப் இல்லை, மேஜையில் தாங்கித்தான் சுட்டேன். லாட் ஆர்டர் போடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

கரும்புக்காடு:
நல்லது. லாட்டில் 500 கிரெயின் 2,300 அடி வேகத்தில் போகும், 550-ஐ மறந்துவிடுங்கள். அடி கூடும் என்பதால் நின்று சுடும் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள், அந்த விஷயத்தில் பழையகுழல் அண்ணன் சொன்னது சரி.

மெரிபேங்க் அக்கா:
ஆர்டர் போடும் முன் இதைப் படியுங்கள் தம்பி. சாஃப்டும் சாலிடும் ஒரே கம்பெனியில் ஜோடியாக எடுங்கள். ஹார்னடியில் டிஜிஎக்ஸ் (சாஃப்ட்), டிஜிஎஸ் (சாலிட்) இரண்டையும் ஒரே வடிவத்தில், ஒரே இடத்தில் விழும்படிதான் செய்கிறார்கள். வேட்டைச் சங்கம் வழியாக வரும் அர்ப்பணிப்பு வேட்டைக்காரர் (டெடிகேட்டட் ஹண்டர்) தகுதி இல்லை என்றால் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாதான் வைத்திருக்கலாம், கையில் இருப்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். குறியை சாஃப்டுக்கு வைத்து, சாலிட் எங்கே விழுகிறது என்று அப்புறம் பாருங்கள். முதல் தோட்டா சாஃப்ட், அடியில் சாலிட். கூட்டமாக நிற்கும்போது சாலிட் ஒன்றைத் துளைத்துப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும்.

இன்னொன்று, சாலிடின் மூக்கு தட்டையாக இருக்கும். சில 602-களில் மேகசினிலிருந்து ஏறும்போது அந்த விளிம்பு அறைக்கு ஏற்றிவிடும் சரிவில் முட்டி நின்றுவிடும், கடைசித் தோட்டாவில்தான் அதிகம். டம்மித் தோட்டாவை மேகசின் நிறையப் போட்டு, போல்ட்டை மெதுவாக அல்ல, காட்டில் இழுப்பது போலவே வேகமாக இழுத்துப் பாருங்கள். ஒருமுறை முட்டினாலும் கன்ஸ்மித்திடம் கொண்டுபோய் அந்தச் சரிவை வழவழப்பாக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம்தான் இருக்கிறது, இந்த வாரமே போங்கள்.