பழைய என்விடியா கார்டு: டிரைவரைச் சரிசெய்வதா, கார்டையே மாற்றுவதா?

பாலைக்குருவி:
என்னிடம் இருப்பது 2016-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1060. லினக்ஸ் மின்ட்டில், ஆப்களைத் தனிப் பெட்டிக்குள் ஓடவைக்கும் ஃபிளாட்பேக் வழியாக, கேம் தளமான ஸ்டீமை நிறுவியிருக்கிறேன். அண்மையில் சிஸ்டம் அப்டேட் செய்த பிறகு டெஸ்க்டாப் வழக்கம்போல் இயங்குகிறது. ஆனால் எந்த கேமைத் திறந்தாலும் காட்சி விட்டுவிட்டு நகர்கிறது. டிரைவரோடு போராடுவதா, ஏஎம்டி கார்டு வாங்குவதா?

வேர்ப்பயனர்:
மாறிவிடுங்கள். ஏஎம்டியின் டிரைவர், லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளும் கிராபிக்ஸ் நூலகத் தொகுப்பான மெசாவுக்குள்ளும் திறந்த மூலமாகவே இருக்கிறது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமும் தன் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக்குக்காக அதைத்தான் மேம்படுத்தி வருகிறது. உங்கள் கார்டு சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கோ என்விடியாவின் 580 டிரைவர் வரிசைதான் கடைசி. என்விடியா கார்டுகளுக்கான திறந்த மூல டிரைவரான நூவோவும் கைகொடுக்காது. கார்டின் வேகத்தை உயர்த்துவதற்கு என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) தேவை. அது பாஸ்கலுக்கு வெளியிடப்படாததால், கணினி தொடங்கும்போதுள்ள குறைந்த வேகத்திலேயே கார்டு தங்கிவிடுகிறது. அடுத்து வந்த டூரிங் தலைமுறையில்தான் அந்தக் கதவு திறந்தது.

கம்பிவாத்தியார்:
நண்பர் சொன்ன தகவல்கள் சரி, தீர்ப்பு அவசரம். டெஸ்க்டாப் நன்றாக இருந்து கேம் மட்டும் தடுமாறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபிளாட்பேக்கை. டிரைவரின் கெர்னல் பகுதியான மாட்யூல் வெளியே இருந்தாலும், ஃபிளாட்பேக்குக்குள் ஓடும் ஸ்டீம் தனக்கென ஒரு என்விடியா நூலகத்தை வைத்திருக்கிறது. இரண்டின் பதிப்பு எண்ணும் கடைசிப் புள்ளிவரை ஒத்துப்போக வேண்டும். சிஸ்டத்தில் டிரைவர் மட்டும் புதுப்பிக்கப்பட்டு உள்ளேயிருப்பது பழையதாகவே நின்றுவிட்டால், கிராபிக்ஸ் வேலை முழுவதும், கார்டு இல்லாமல் மென்பொருளாலேயே வரையும் எல்எல்விஎம்பைப் வழியாகச் சிபியுவின் தலையில் விழுகிறது. ஸ்டீமின் உதவிப் பட்டியலில் சிஸ்டம் தகவலைத் திறந்து, வீடியோ கார்டு என்ற பகுதியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு முன் டெர்மினலில், கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது டிரைவரோடு பேச முடியவில்லை என்று சொன்னால் சிக்கல் வேறு: கையொப்பமில்லாதவற்றை ஏற்க மறுக்கும் செக்யூர் பூட் மாட்யூலைத் தடுத்திருக்கலாம், அல்லது புதிய கெர்னலுக்கான மாட்யூல் கட்டப்படாமலே போயிருக்கலாம்.

வேர்ப்பயனர்:
கேம் விளையாட வந்தவர் இத்தனையும் கற்க வேண்டியிருப்பதுதான் என் புகார். இன்று இதைச் சரிசெய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். என்விடியாவின் இன்னும் பழைய கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அவற்றின் டிரைவர் 470 வரிசையோடு நின்றது, கேம்கள் கார்டோடு பேசும் இடைமுகமான வல்கனில் 1.2-ஐத் தாண்டவில்லை. விண்டோஸ் கேம்களின் டைரக்ட்எக்ஸ் அழைப்புகளை வல்கனுக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே 2022-இல் வெளிவந்த 2.0 பதிப்பில் வல்கன் 1.3-ஐக் கட்டாயமாக்கியதும், நல்ல நிலையில் இருந்த கார்டுகளும், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் ஸ்டீமின் புதிய புரோட்டானிலிருந்து வெளியேற நேர்ந்தது. பாஸ்கலுக்கும் அந்த நாள் வரும். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் விண்டோஸில் கிடைக்கும் வேகம் இப்போதே இந்தக் கார்டுகளுக்கு லினக்ஸில் கிடைப்பதில்லை.

கம்பிவாத்தியார்:
வரும் என்பதை மறுக்கவில்லை; வரப்போகும் நாளுக்காக இன்றே பணத்தைக் கொட்டச் சொல்வதைத்தான் மறுக்கிறேன். 580 வரிசை வல்கன் 1.3-ஐத் தருவதால் டைரக்ட்எக்ஸ் 11 கேம்கள் இன்றைய டிஎக்ஸ்விகேயில் நன்றாகவே ஓடும். ஏஎம்டியிலும் எல்லாம் சுமுகமில்லை. புத்தம்புதிய ஏஎம்டி கார்டுக்குப் புதிய கெர்னலும் புதிய மெசாவும் வேண்டும், மின்ட் போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு அவை தாமதமாகவே வந்து சேரும். எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறந்த மூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி முன்வைத்த திட்டத்தை எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் ஏற்க மறுத்தது; 4கே தொலைக்காட்சியில் 120 ஹெர்ட்ஸில் விளையாட நினைத்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

பாலைக்குருவி:
என்விடியா-எஸ்எம்ஐ ஒழுங்காக ஓடுகிறது. ஸ்டீமின் தகவல் பக்கத்தில் எல்எல்விஎம்பைப் என்றுதான் இருந்தது. ஃபிளாட்பேக் அப்டேட் கொடுத்து ஸ்டீமை மீண்டும் தொடங்கியதும் கார்டின் பெயர் வந்துவிட்டது, கேமும் சீராக ஓடுகிறது.

வேர்ப்பயனர்:
மகிழ்ச்சி. என் கருத்தில் மாற்றமில்லை, ஆனால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். இனி சிஸ்டம் டிரைவர் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் ஃபிளாட்பேக்கையும் உடனே புதுப்பியுங்கள். மின்ட்டின் அப்டேட் மேனேஜரில் புதிய கெர்னல் வரிசைக்குத் தாவாமல், நீண்டகால ஆதரவுள்ள கெர்னலிலேயே இருங்கள். பழைய கெர்னல் ஒன்றையும் நீக்காமல் வையுங்கள். மாட்யூல் கட்டப்படாத நாளில் கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலிலிருந்து அதற்குத் திரும்பிக்கொள்ளலாம்.