எல்எக்ஸ் 470: சென்சாரை நகர்த்தி 4 செ.மீ. ஏற்றலாமா?

செம்மண்தடம்: என்னிடம் இருப்பது பழைய லெக்ஸஸ் எல்எக்ஸ் 470. ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் இன்னும் நன்றாக வேலை செய்கிறது, பட்டனை அழுத்தினால் எழுகிறது, தாழ்கிறது. ஆனால் 'ஹை'யில் வைத்துக்கொண்டு வேகமாகப் போக முடியாது. வேகம் கூடியதும் தானே நார்மலுக்கு இறங்கிவிடும். எனக்கு அந்த நார்மலே 4 செ.மீ. உயரமாக வேண்டும். உயர சென்சாரைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும் என்கிறார்கள். செய்தவர்கள் சொல்லுங்கள்.

சேற்றுக்கால்: செய்தவன் நான். முன்னால் இரண்டு சென்சார், பின்னால் ஒன்று. போல்ட்டைத் தளர்த்தி ஒரு இழை நகர்த்தினால் போதும், வண்டி தாழ்ந்து கிடக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். பம்ப் ஓடும், வண்டி எழும். அரை மணி நேர வேலை. ஒன்று மட்டும் கவனம்: டேப்பைத் தரையிலிருந்து பிடிக்காதீர்கள், டயர் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து பாருங்கள். கம்பெனி உயரத்தில் முன்னால் சுமார் 50 செ.மீ., பின்னால் சுமார் 52 இருக்கும்.

பழைய ஸ்பேனர்: அளக்கும் முறை சரி. மற்றதெல்லாம் பாதி வேலை. இந்த வண்டியில் எடையை ஆயில் மட்டும் தாங்கவில்லை. முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புக் கம்பி), பின்னால் காயில் ஸ்பிரிங், இவற்றோடு ஆயிலும் பங்கு போட்டுக்கொள்கிறது. சென்சாரை ஏமாற்றி ஏற்றினால் ஸ்பிரிங் விரிகிறது. விரிந்த ஸ்பிரிங் முன்பு தாங்கிய அளவு தாங்காது. அந்த மிச்ச எடை எங்கே போகும்? ஆயிலின் தலையில்தான். அழுத்தம் ஏறும், ஆயிலோடு இணைந்த வாயுக் குண்டுக்குள் அதிர்வை வாங்க இருக்கும் நைட்ரஜன் நசுங்கும். நசுங்கிச் சின்னதான வாயு கல் மாதிரி. அப்புறம் 'ஏன் இந்த வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது' என்று இங்கேயே வந்து கேட்பீர்கள்.

சேற்றுக்கால்: அண்ணே, இரண்டு வருடமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. 'ஹை'யில் போட்டாலும் இதே ஆயில்தானே வண்டியைத் தூக்குகிறது? அது கம்பெனி கொடுத்ததுதானே?

பழைய ஸ்பேனர்: கம்பெனி கொடுத்தது மெதுவாக ஒரு ஓடையைத் தாண்டுவதற்கு. அதனால்தான் வேகம் கூடினால் இறக்கிவிடுகிறது. நீங்கள் அந்த நிலைமையை நாள் முழுக்க, நெடுஞ்சாலையிலும் வைத்திருக்கிறீர்கள். இரண்டு வருடம் ஓடியது சரி. ஸ்கேனரை மாட்டி அழுத்தம் பார்த்தீர்களா? முன்பக்கம் 6.9 மெகாபாஸ்கல், அரை முன்னே பின்னே இருக்கலாம். அதைத் தாண்டினால் உங்கள் 'ஒன்றும் ஆகவில்லை' கணக்கில் வராது.

காயில்_போதும்: எதற்கு இந்தத் தலைவலி? எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நல்ல ஸ்பிரிங், சாதா ஷாக் போடுங்கள். சென்சாரும் வேண்டாம், குண்டும் வேண்டாம்.

செம்மண்தடம்: அதற்காக இந்த வண்டி வாங்கவில்லை ஐயா. சுமை ஏற்றினாலும் பின்பக்கம் தொங்காமல் நிற்கிறதே, அதை இழக்க மனமில்லை.

நேற்று சென்சார் மூன்றையும் நகர்த்திப் பார்த்தேன். வண்டி அழகாக எழுந்தது, பக்கத்து வீட்டுப் பையன் கைதட்டினான். ஆனால் ஓட்டும்போது ஒவ்வொரு சின்னப் பள்ளமும் ஸ்டீயரிங்கில் தெரிகிறது. ஸ்கேனர் மாட்டினேன். நகர்த்துவதற்கு முன் முன்பக்கம் 7.2, இப்போது 8.3. பழைய ஸ்பேனர் சொன்னதுதான் நடந்திருக்கிறது. இப்போது டார்ஷன் பாரை முறுக்கினால் இன்னும் உயர்ந்துவிடுமா?

பழைய ஸ்பேனர்: உயராது. இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுவது. சாதா வண்டியில் டார்ஷன் பாரை முறுக்கினால் முன்பக்கம் எழும். இதில் உயரத்தைப் பிடித்து வைத்திருப்பது கம்ப்யூட்டர். நீங்கள் முறுக்க முறுக்க பார் கூடுதல் எடையை வாங்கிக்கொள்ளும், கம்ப்யூட்டர் அந்த அளவு ஆயிலை வெளியே விடும். உயரம் அதேதான், அழுத்தம் மட்டும் இறங்கும். பாரை முறுக்கும் போல்ட்டின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 0.2 மெகாபாஸ்கல் எதிர்பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு. முறுக்கும் முன் ஜாக்கியில் ஏற்றிப் பாரின் எடையை இறக்குங்கள், மரைக்குக் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் அறுந்துபோகும். பின்னால் முறுக்க வழியில்லை, காயிலின் மேல் ஸ்பேசர் (இடைவெளி நிரப்பும் வளையம்) வைக்க வேண்டும்.

இன்னொன்று. அடியில் படுக்கும்போது சஸ்பென்ஷனை நம்பாதீர்கள். ஸ்டாண்டு வைக்காமல் ஒரு விரலும் உள்ளே போகக் கூடாது.

சேற்றுக்கால்: சரி, பார் முறுக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குண்டே செத்துப்போயிருந்தால் எதை முறுக்கியும் பயனில்லை. ஆயில் டப்பாவில் கோடுகள் இருக்குமே, வண்டியை 'லோ'வில் வைத்து ஒரு முறை, 'ஹை'யில் வைத்து ஒரு முறை பாருங்கள். நல்ல குண்டுகளுக்கு வித்தியாசம் 14 கோடு வரை வரும். ஏழுக்கு வந்துவிட்டால் நைட்ரஜன் போய்விட்டது, குண்டு மாற்றுகிற நேரம். பாரைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பழைய ஸ்பேனர்: இது நல்ல யோசனை. முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

காயில்_போதும்: நான் ஒரு அடிப்படைக் கேள்வி கேட்கிறேன். 4 செ.மீ. ஏற்றி எதைக் காப்பாற்றுகிறீர்கள்? பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே ஆக்சில், அதன் நடுவில் டிஃபரன்ஷியல் (பல்சக்கரப் பெட்டி) தொங்குகிறது. பாடியை எத்தனை தூக்கினாலும் அது தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட எழாது. அதை எழுப்புவது பெரிய டயர் மட்டும்தான், அதுவும் விட்டம் கூடுவதில் பாதி.

செம்மண்தடம்: எனக்கு அடிபடுவது டிஃபரன்ஷியல் இல்லை, பக்கவாட்டுப் படிக்கட்டும் பின் பம்பரும். அவை எழுகின்றன.

பழைய ஸ்பேனர்: அப்படியானால் ஏற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் 4 ஏன்? முன்சக்கரம் கீழே தொங்குவதற்கு இருக்கிற தூரம் குறிப்பிட்ட அளவுதான். நார்மலிலேயே 4 செ.மீ. விழுங்கிவிட்டால் பள்ளத்தில் சக்கரம் தரையைத் தேடி எட்டாது. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டும் கோணலாக ஓடும், அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும். பேராசைப்பட்டு அதிகமாக ஏற்றி ஒரு பூட்டைக் கிழித்தவன் நான்தான், உள்ளிருந்த கிரீஸ் முழுக்க சக்கரத்தின் உட்புறத்தில் தெறித்திருந்தது. 2 அல்லது 2.5-இல் நில்லுங்கள்.

சேற்றுக்கால்: என்னுடையது 4. பூட் கிழியவில்லை.

பழைய ஸ்பேனர்: குனிந்து பார்த்தீர்களா?

செம்மண்தடம்: இன்றைய நிலவரம். கோடுகள் 11 வந்தன, குண்டு பரவாயில்லை. உயரத்தை 2.5-க்கு இறக்கினேன், அழுத்தம் 7.9-க்கு வந்தது. இரண்டு பாரையும் ஐந்து சுற்று முறுக்கினேன், இப்போது 6.9. அதே சாலை, அதே பள்ளம், ஸ்டீயரிங் அமைதியாக இருக்கிறது. பின்னால் ஸ்பேசர் இன்னும் வைக்கவில்லை. நாளை அலைன்மெண்ட்டுக்கு விடுகிறேன்.

சேற்றுக்கால்: பார்த்துவிட்டேன். இடது பூட்டில் ஒரு கீறல், இன்னும் உள்வரை போகவில்லை. ஆனாலும் 3-க்குக் கீழே இறக்க மாட்டேன், பழைய ஸ்பேனர் சிரித்தாலும் சரி.